மூலிகைக் கட்டும் மாதா திருநாளும்

ஆகஸ்டு 15 என்றதும் நம் பங்குகளில் இரண்டு கொடிகள் நினைவுக்கு வரும். பள்ளி மைதானத்தில் காலையில் ஏற்றப்படும் நாட்டுக் கொடி ஒன்று. ஆலய முகப்பில் ஒன்பது நாளாய்ப் பறந்துகொண்டிருக்கும் மாதா கொடி மற்றொன்று. அன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்கு நம் மக்கள் மெழுகுவர்த்தியும் மல்லிகை மாலையும் கொண்டு வருவர்; தேர் ஓடும் ஊர்களில் உப்பும் மிளகும் தூவி நேர்ச்சை செலுத்துவர். தென் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அதே நாளில் மக்கள் கோவிலுக்குக் கொண்டு வருவது மூலிகை. தோட்டத்திலும் புல்வெளியிலும் காட்டோரத்திலும் பறித்த செடிகளைக் கட்டாகக் கட்டி, திருப்பலிக்கு வந்து, குருவானவரிடம் மந்திரித்துப் பெற்று வீடு செல்கின்றனர். இவ்வழக்கம் பத்தாம் நூற்றாண்டிலிருந்தே இருந்து வந்ததற்குச் சான்றுகள் உள. பழைய ரோமைச் சடங்கு நூலில் இதற்கெனத் தனிச் செபங்கள் அமைந்திருந்தன. இன்றைய ஜெர்மானிய ஆசீர் நூலிலும் அமைந்துள்ளன.

கோடை விடுமுறையில் அந்நாட்டுப் பங்குக் குருக்கள் ஓய்வுக்குச் செல்லும்போது, அவர்களுடைய இடத்தில் பணியாற்ற நம் நாட்டிலிருந்து குருக்கள் பலர் ஆண்டுதோறும் செல்வதை வாசகர்கள் அறிந்திருப்பர். அவ்வாறு 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பவேரியாவின் ஆல்காய்ப் பகுதியில், அவுக்ஸ்பூர்க் மறைமாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஐந்து வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பசும்புல்லும் பால்மாடுமே அவ்வூரின் செல்வம். திருநாளுக்கு முந்திய நாள் மாலை, கோவில் கதவுகளைப் பூட்ட வந்த உபதேசியார் போன்ற முதியவர், “நாளை மூலிகை மந்திரிப்பு உண்டு, தீர்த்தம் நிறைய வேண்டியிருக்கும்” என்றார். மறுநாள் பீடத்தின் முன் நின்று பார்த்தபோதுதான் அவர் சொன்னதன் பொருள் விளங்கிற்று. குழந்தை முதல் கிழவி வரை ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு. ஆலயம் முழுவதும் காய்ந்த வைக்கோலும் புதினாவும் கசப்பும் கலந்த ஒரு மணம். சாம்பிராணிப் புகை அதற்குத் தோற்றுவிட்டது.

கட்டின் நடுவே நெடிதாய் நிற்பது ‘அரச மெழுகுவர்த்தி’ என்று அவர்கள் பெயரிட்டழைக்கும் செடி. ஆளுயரத்திற்கும் மேல் வளர்ந்து, வெல்வெட்டுத் துணி போன்ற இலைகளும், தண்டைச் சுற்றி மஞ்சள் மலர்களுமாய் உண்மையிலேயே பாஸ்காத் திரி போலத் தோன்றும். அதன் பூவை உலர்த்தி இருமலுக்குக் கஷாயம் வைப்பர். அதைச் சூழ்ந்து அருளப்பர் பூண்டு, சீமைச் சாமந்தி, புதினா, ‘சால்பை’ எனும் மணமிக்க இலை, ஆட்டுப்பூண்டு என்னும் பொருளுடைய ‘ஷாஃப்கார்பே’, இன்னும் பல. இடையிடையே கோதுமை, ஓட்ஸ் கதிர்கள். எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏழு மூலிகை ஏழு தேவதிரவிய அனுமானங்களுக்கு, பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்கு, பதினான்கு, இடுக்கண் களையும் பதினான்கு புனிதர்களுக்கு. சில இடங்களில் எழுபத்தேழும் தொண்ணூற்றொன்பதும் சேர்ப்பதுண்டாம். எழுபத்தேழு செடிகளின் பெயரும் தெரிந்த பெண்கள் இன்று எத்தனை பேர் என்று நான் கேட்டேன். “என் பாட்டிக்குத் தெரியும், எனக்கு இருபது தெரியும், என் பேத்திக்கு ஐந்து தெரியும்” என்றார் எண்பது வயதுடைய விவசாயப் பெண்மணி ஒருவர். இக்கணக்கு நம் ஊர்களுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

இவ்வழக்கத்திற்கு ஓர் அழகிய புனைவுக் கதையும் உண்டு. அப்போஸ்தலர்கள் அன்னையின் கல்லறையைத் திறந்தபோது உடலைக் காணவில்லை. லீலியும் ரோசாவும் நறுமணப் பூண்டுகளுமே அங்கே மலர்ந்திருந்தன என்பது அக்கதை. நம்ப வேண்டிய விசுவாச சத்தியம் அன்று இது. ஆயினும் ஆகஸ்டு நடுவில் தொடங்கி முப்பது நாள் மூலிகைகள் மிகுந்த வீரியத்துடன் இருக்கும் என்று அம்மக்கள் நம்புவதில் உழவர் அறிவு இருக்கிறது. நெடிய குளிர் கழிந்து, கோடை வெயிலை உண்டு, செடிகள் பல மலர்ந்து முற்றி நிற்கும் பருவம் அது.

மந்திரித்த கட்டை வீட்டில் பாடுபட்ட சுரூபம் தொங்கும் மூலையில் தொங்கவிடுவர். இடியும் மின்னலும் மிகுந்தால் அதில் ஒரு கிள்ளு அடுப்பில் இடுவதும், நோயுற்ற மாட்டின் தீவனத்தில் சிறிது கலப்பதும் பழைய வழக்கம். இதனை மூடநம்பிக்கை என்று இகழத் துணிவோர், குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையைச் சிலுவை மடித்துச் சுரூபத்தின் பின்னே செருகிவைக்கும் நம் அன்னையரை முதலில் நினைத்துப் பார்க்கட்டும். ஆசீர் பெற்ற பொருள் இறைவனை நினைப்பூட்டுவதற்கு. அதுவே மருந்துக்கடைக்கு மாற்றாகும் என்று திருச்சபை எங்கும் சொன்னதில்லை.

அக்கட்டுகளில் நமக்கு அறிமுகமானவர்களும் உண்டு. அவர்கள் ‘பைஃபூஸ்’ எனும் கசப்புப் பூண்டைக் கசக்கி முகர்ந்தவுடன், நம் பூக்காரர்கள் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மாசிப்பத்திரியின் மணம் எழுந்தது. இரண்டும் ஒரே இனத்துச் செடிகள். தூக்கமின்மைக்கு அவர்கள் பயன்படுத்தும் ‘பால்ட்ரியான்’ வேர், நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சடாமாஞ்சிலுக்கு உறவு. பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் பாதங்களில் பூசிய விலையுயர்ந்த தைலம் இமயத்தில் விளையும் இந்தச் சடாமாஞ்சிலின் தைலமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

அவ்வூரிலிருந்து சில மணி நேர இரயில் பயணத்தில் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் நகரம் உள்ளது. அங்குள்ள பழைய ஆசீர்வாதப்பர் மடத்து நூலகத்தின் வாயிலில் ‘ஆன்மாவின் மருத்துவ நிலையம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து தோல்களைத் தைத்து இணைத்து, ஏறத்தாழ 820-ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட ஒரு மடத்தின் வரைபடம் அங்கே காக்கப்படுகிறது. கோவில், சமையற்கூடம், பள்ளி, கோழிக்கூடு எல்லாம் அதில் உண்டு. மருத்துவர் இல்லமும், மிகவும் முடியாத நோயாளருக்கு ஓர் அறையும், மருந்துகள் வைக்க ஓர் இடமும் உண்டு. அருகிலேயே மூலிகைத் தோட்டம்: பதினாறு பாத்திகள். ஒவ்வொரு பாத்தியிலும் என்ன விளைய வேண்டும் என்று இலத்தீனில் எழுதியிருக்கிறார்கள். அப்பெயர்களைப் படித்து வருகையில் நான் புன்னகைத்துவிட்டேன். லீலி, ரோசா, புதினா. அடுத்து சீரகம், வெந்தயம், பெருஞ்சீரகம் என்னும் சோம்பு, அருவதா. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துத் துறவியர் மருந்தென்று பயிரிட எண்ணியவற்றில் மூன்று, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இன்றும் இருக்கின்றன! நான்காவதான அருவதாவைக் கைக்குழந்தைகளின் மாந்தத்திற்கு உரைத்துக் கொடுத்த பாட்டியரை நாம் அறிவோம்.

இவ்வரைபடம் உருவானது அருகேயுள்ள ரைஹனாவ் தீவின் மடத்தில். அம்மடத்தின் அதிபராயிருந்த வலாஃப்ரிட் ஸ்திராபோ, தோட்டத்துச் செடிகள் இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் பற்றி இலத்தீனில் ஒரு செய்யுள் நூலே இயற்றினார். இரவல் அறிவாக அன்றி, தம் கையால் மண்ணைக் கிளறி, காஞ்சொறிச் செடிகளைப் பிடுங்கி எறிந்த அனுபவத்தை அவர் அதில் பாடியிருக்கிறார். நோயாளரைப் பேணுவது எல்லாவற்றிற்கும் முந்திய கடமை என்று புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கின் 36-ஆம் அதிகாரத்தில் விதித்ததே இத்தோட்டங்களுக்கெல்லாம் வித்து. ரைன் நதிக்கரையில் வாழ்ந்த கன்னியர் மடத் தலைவி புனித ஹில்டகார்டு (1098–1179) செடி, மரம், கல், மீன் ஆகியவற்றின் குணங்களைப் பற்றி எழுதியவர். 2012-இல் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அதன்பின் அவர் பெயரை ஒட்டிய பொடியும் பிஸ்கோத்தும் கடைகளில் பெருகியிருப்பதைக் கண்டேன். மறைவல்லுநர் பட்டம் அவருடைய ஞானத்திற்கு. மருந்துக் குறிப்புகளுக்கு அன்று என்பதை வணிகர் மறந்துவிட்டனர் போலும்.

பங்குக் குருவாகிய எனக்கு இவர்கள் அனைவரிலும் நெருக்கமானவராகத் தோன்றியவர் மற்றொரு பங்குக் குரு. அவர் பெயர் செபஸ்தியான் க்னைப். 1821-இல் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார். குருமாணவராகப் பயில்கையில் நெஞ்சு நோய் கண்டு இளைத்தார். பழைய நூல் ஒன்றில் குளிர்நீர்ச் சிகிச்சையைப் பற்றிப் படித்து, 1849-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டானியூப் ஆற்றின் உறைநீரில் சில விநாடி மூழ்கி எழுந்து, ஓடிச் சென்று உடலைச் சூடேற்றிக்கொள்வதை வழக்கமாக்கினார். நலம் பெற்றார், 1852-இல் குருப்பட்டமும் பெற்றார். 1855-இல் வேரிஸ்ஹோஃபன் என்னும் ஊரிலிருந்த சாமிநாதர் சபைக் கன்னியருக்கு ஆன்ம குருவாக அனுப்பப்பட்டார். மருத்துவம் பயிலாத குரு வைத்தியம் செய்வதா என்று மருத்துவரும் மருந்து வணிகரும் வழக்குத் தொடுத்தனர். ஆயினும் ஏழைகள் வருவது நிற்கவில்லை. 1886-இல் அவர் எழுதிய நீர்ச் சிகிச்சை நூல் பல மொழிகளில் பரவிற்று. 1897-இல் அவர் இறந்தபோது அச்சிற்றூர் உலகறிந்த நலவாழ்வு நகராகியிருந்தது.

அங்கே சென்றால், முழங்கால் வரை ஆடையை மடித்துக்கொண்டு பெரிய மனிதர்கள் குளிர்நீர்த் தொட்டியில் கொக்கு நடை நடப்பதைக் காணலாம். விடியற்காலையில் பனித்துளி படிந்த புல்லில் வெறுங்காலுடன் நடப்பவர்களையும் காணலாம். நம் உழவர்கள் இதை நாள்தோறும் கட்டணமின்றிச் செய்கின்றனர் என்று அங்கிருந்த கன்னியர் ஒருவரிடம் சொன்னேன். “அவர்கள் மாலையில் உப்பும் எண்ணெயும் குறைத்து உண்டு, நேரத்தோடு உறங்குவதும் உண்டா?” என்று திருப்பிக் கேட்டார். க்னைப் வகுத்த நெறி நீர், மூலிகை, உடலுழைப்பு, எளிய உணவு, ஒழுங்கான வாழ்வு என்னும் ஐந்தும் சேர்ந்தது. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்வோரை அவர் பாராட்டியதில்லை. அவர் விரும்பிய மூலிகைகளுள் வெந்தயமும் ஒன்று. அரைத்துக் கொதிக்கவைத்துப் புண்ணுக்குப் பற்றுப் போடச் சொல்கிறார். நம் வீட்டு வைத்தியம்தான்.

இதுவரை எழுதியதைப் படித்து, வெளிநாட்டு மூலிகைகளெல்லாம் தேவாமிர்தம் என்று யாரேனும் எண்ணக்கூடும். எனவே அதே புல்வெளியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

நான் திரும்பும் நாள் நெருங்கியபோது, ஈரமான புல்வெளிகளில் இலையே இல்லாமல் தரையிலிருந்து நேராக எழுந்து நிற்கும் இளஊதா மலர்களைக் கண்டேன். பறிக்கக் குனிந்த என்னை உடன் வந்த விவசாயி தடுத்தார். அதற்கு ‘இலையுதிர்காலத்துக் காலமற்றவள்’ என்பது போன்ற ஒரு பெயர், உடலெங்கும் நஞ்சு. அதன் இலை மறு ஆண்டு வசந்தத்தில்தான் தோன்றும். அதே பருவத்தில் காட்டில் பூண்டு மணம் வீசும் ‘கரடிப்பூண்டு’ என்னும் கீரையும் தழைக்கும். இரண்டின் இலைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், கீரையென்று நஞ்சைப் பறித்துச் சமைத்துண்டு உயிரிழந்தோர் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பறித்துப் பழகிய நாட்டிலேயே இந்நிலை.

அந்நஞ்சின் பெயர் கால்ச்சிசின். அளவோடு கொடுத்தால் கீல்வாத வகை ஒன்றுக்கு இன்றும் மருத்துவர்கள் எழுதும் மருந்து. அளவு சிறிது கூடினும் உயிர்க்கொல்லி. இம்மருந்து நமக்கு அந்நியமானதன்று. நம் மாநில மலராகிய செங்காந்தள் அதே குடும்பத்துச் செடி. அதே கால்ச்சிசின் அதன் விதையிலும் கிழங்கிலும் உண்டு. கண்வலிக்கிழங்கு என்று பெயர் சொல்லித் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் நம் விவசாயிகள் பயிரிட்டு, ஒவ்வொரு பூவாகக் கையினால் மகரந்தச் சேர்க்கை செய்து, விதையை ஏற்றுமதிக்கு விற்கின்றனர். நம் கொடியின் விதை கடல் கடந்து மாத்திரையாகிறது. அதே கிழங்கை வேறொன்றென எண்ணியோ, மனமுடைந்தோ உண்டு மாண்டவர்களை நல்லடக்கம் செய்யும் துயரமும் அப்பகுதிக் குருக்களுக்கு நேர்வதுண்டு.

மற்றொன்றும் சொல்வேன். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர்க்குச் சிறுநீரகம் பழுதுற்றது. பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததால், ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொன்று கலந்துவிட்டதே காரணம். கலந்தது ‘அரிஸ்டோலோக்கியா’ இனத்துச் செடி. இவ்வினத்துச் செடிகள் சேர்ந்த மருந்துகள் புற்றுநோய் விளைவிப்பன என உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2002-இல் அறிவித்தது. நம் ஊர் வேலியோரத்து ஆடுதின்னாப்பாளையும், பெருமருந்துக்கொடி என்னும் ஈசுரமூலியும் இதே இனம். வயிற்றுப் பூச்சிக்கென்றும் விஷக்கடிக்கென்றும் இவற்றை உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதால், குடும்பத் தலைவியர் இவ்விரு பெயர்களையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி அருளப்பர் பூண்டு. ஸ்நாபக அருளப்பரின் பிறப்புத் திருநாளான ஜூன் 24-ஐ ஒட்டி மலர்வதால் இப்பெயர். மஞ்சள் பூவை விரல்களுக்கிடையே நசுக்கினால் குருதி போலச் சிவப்புச் சாறு கசியும். பூக்களை ஒலிவ எண்ணெயில் இட்டு ஆறு வாரம் வெயிலில் வைத்துச் செந்நிறத் தைலம் வடிப்பர். உள்ளச் சோர்வுக்கு இம்மூலிகை ஓரளவு பயன் தருவதை ஆய்வுகள் காட்டுவதால் ஜெர்மானிய மருத்துவர்களே இதனை எழுதிக் கொடுப்பதுண்டு. ஆயினும் அவ்வூர் மருந்துக் கடையில் இதனைக் கேட்ட ஒரு மூதாட்டியிடம் கடைக்கார அம்மையார், “வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று வினவி, பட்டியலைப் பார்த்துவிட்டு, தர மறுத்துவிட்டார். காரணம் கேட்டேன். இம்மூலிகை நம் கல்லீரலைத் தூண்டிவிடுகிறது. அது மற்ற மருந்துகளை வழக்கத்தினும் விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. மாத்திரை வயிற்றுக்குள் போகும்; வேலை செய்யுமுன் காணாமற்போகும். மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவருக்கு, இம்மூலிகையை உட்கொண்டதால் காப்பு மருந்து குறைந்து, உடல் அவ்விதயத்தையே எதிர்க்கத் தொடங்கிய செய்தியைச் சூரிச் நகர மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூலிகையை நிறுத்திய பின்னரே நிலைமை சீரடைந்தது.

ஜெர்மானிய அரசு 1978-இல் இதற்கென வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட மூலிகைகளை ஆராய்ந்து, இது பயனுடையது, இது பயனற்றது, இது தீங்கானது என்று அக்குழு பிரித்துரைத்தது. மூலிகையைக் கோவிலில் மந்திரிக்கும் அதே மக்கள், ஆய்வுக்கூடத்தில் அதனைச் சோதிக்கவும் தயங்கவில்லை. சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரம் மருந்தை மண்ணிலிருந்து தோன்றச் செய்தவரும் ஆண்டவரே, மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று இரண்டையும் சேர்த்தே கூறுகிறது. நம்மவர் பலர் முதற்பாதியைக் கொண்டாடி, இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றனர்.

இதனை எழுதத் தூண்டியது அண்மையில் என் பங்கில் நடந்த ஒன்று. அறுபது வயது கடந்த ஒருவருக்கு இதய வால்வு மாற்றி அமைக்கப்பட்டிருந்தது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை நாள்தோறும் உண்டு வருபவர். அறுவைக்குப் பின் யாரிடமும் பேசாமல், உறக்கமின்றித் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். மியூனிக் நகரில் பொறியாளராகப் பணிபுரியும் மகன், தாய் தொலைபேசியில் அழுததைக் கேட்டுப் பொறுக்காமல் ஒரு பொட்டலம் அனுப்பிவிட்டான். அதிலுள்ள எழுத்து புரியாததால் அந்த அம்மாள் என்னிடம் கொண்டு வந்தார். தேயிலைப் பைகள் இரண்டு பெட்டி. மாத்திரை ஒரு பெட்டி. மாத்திரைப் பெட்டியின் மேல் மஞ்சள் பூ. அருளப்பர் பூண்டு!

உள்ளிருந்த தாளை விரித்து, உடன் உண்ணலாகாத மருந்துகளின் பட்டியலைப் படித்தேன். இரத்தம் உறையாமற் காக்கும் மருந்து அதில் இருந்தது. “அம்மா, ஐயா இதில் ஒன்றாவது சாப்பிட்டாரா?” என்று கேட்டேன். “இல்லை சாமி, நீங்க மந்திரிச்சுக் குடுத்தப்புறம் ஆரம்பிக்கலாம்னு இருந்தோம்” என்றார். அன்று மாலையே இருவரையும் அவருடைய இதய மருத்துவரிடம் அனுப்பினேன். இம்மூலிகையால் வார்ஃபரினின் ஆற்றல் குறைந்தால் செயற்கை வால்வில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். உயிருக்கே ஆபத்து என்று அம்மருத்துவர் விளக்கிச் சொல்லி, மாத்திரைப் பெட்டியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். உள்ளச் சோர்வுக்குத் தனி மருத்துவரையும் காட்டினார். இப்போது அவர் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார். பாடற்குழுவினர் சுதி தவறினால் திரும்பிப் பார்த்து முறைக்கவும் செய்கிறார்.

தேயிலைப் பெட்டிகள் என்னவாயின என்று சென்ற வாரம் அந்த அம்மாளிடம் விசாரித்தேன். ஒன்று சீமைச் சாமந்தி. மருத்துவர் அதையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டாராம். மற்றதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். “சோம்பு சாமி! நம்ம சந்தையில ஐம்பது ரூபாய்க்கு ஒரு பை நிறையக் கிடைக்கிற சோம்புக்குப் போய் யூரோவைக் குடுத்து வாங்கி, விமானத்துல ஏத்தி அனுப்பியிருக்கான்” என்று சிரித்தார். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அதில் இரண்டு சிட்டிகை குழம்புக்குத் தாளித்தாராம்.